தராசும் லட்டும்: 1980, மதுரை மாவட்டம்

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவில் ரெண்டு மாசத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க. நான் பண்ணைக்காட்டில் அக்கா வீட்டில் இருந்தேன். கொடைக்கானல் மலைப்பாதையில் பாதி தூரத்தில் பிரிந்து போனால் வருகிற ஊர். காபி, மிளகு, மலை வாழை. அக்கா வீட்டில் சிக்னல் சமையலறை ஜன்னல் பக்கம் மட்டும்தான் கிடைக்கும். அதனால் என்னுடைய மீட்டிங் எல்லாம் அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில்தான். அங்கேயே உட்கார்ந்திருந்ததால்தான் இந்த எபிசோடே வந்தது.

அக்கா பையனுக்கு ரெண்டரை வயசு. பேச்சு, ஓட்டம், சேட்டை எதிலும் குறைவில்லை. சாப்பாடு மட்டும் இறங்காது. ஒரு வேளை ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம். அக்கா கிண்ணத்தோடு பின்னாடி ஓடுவாள். அத்தை, அதாவது அக்காவோட மாமியார், செல்போனில் பாட்டுப் போட்டு முன்னாடி நிற்பார். அவன் வாய் பிளக்கிற நொடியில் ஒரு உருண்டை உள்ளே போகும், மறு நொடியில் பாதி வெளியே வரும். நான் ஹெட்ஃபோனை மியூட்டில் போட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாச்சின் ஒரு நாள் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிவந்தார். அதையும் அவன் தொடவில்லை.

ஒரு வியாழக்கிழமை அங்கன்வாடியில் எடை போடும் நாள். அக்காவோடு நானும் போனேன். உத்தரத்தில் ஒரு தொங்குத் தராசு, அதன் கொக்கியில் டவுசர் மாதிரி ஒரு துணிப்பை. பையனை அதில் இறக்கியதும் ஊஞ்சல் என்று நினைத்து ஒரே சிரிப்பு. முள் 10.2 கிலோவில் நின்றது. டீச்சர் கார்டை எடுத்துப் புள்ளி வைத்துவிட்டு என்னிடம் காட்டினார். "எடை கம்மிங்கிறதை விடுங்க தம்பி. மூணு மாசமா ஒரே இடத்துல நிக்குது, பாருங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

பார்த்தேன். நாலு புள்ளி, தரையில் கோடு போட்ட மாதிரி. 27-வது மாதத்தில் 10.2, 30-வது மாதத்திலும் 10.2. கார்டில் பையன்களுக்கான எச்சரிக்கைக் கோடு 27-வது மாதத்தில் 10.1 கிலோவில் இருக்கிறது. 30-வது மாதத்தில் 10.5. அதாவது அவன் எடை குறையவே இல்லை. அவன் நின்றான், கோடு அவனைத் தாண்டிப் போய்விட்டது.

நம் வேலையில் இது தினமும் பார்க்கிற விஷயம். சர்வர் மெமரி 70 சதவீதம் என்று ஒரு எண்ணைச் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. போன வாரம் எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு எண்ணை வைத்து அலாரம் அடித்தால் பாதி பொய் அலாரமாக இருக்கும். சரிவை வைத்து அடித்தால்தான் உண்மை தெரியும். இதே லாஜிக்கை ஒரு டீச்சர், மலைக்கிராமத்தில், காகிதக் கார்டில் பண்ணிக்கொண்டிருக்கிறார். இதை யார் எப்போது கண்டுபிடித்தார்கள், எப்படி இங்கே வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடிப்போனால் அது சுற்றிச்சுற்றி இதே பழைய மதுரை மாவட்டத்துக்குள்ளேயே வந்து நின்றது.

முதலில் கொடைக்கானலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த ஊர் உருவானதே ஒரு விதத்தில் குழந்தைகளுக்குப் பயந்துதான். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் சில வருடங்களிலேயே காய்ச்சலிலும் காலராவிலும் தங்கள் ஆட்களையும் குழந்தைகளையும் வரிசையாகப் புதைத்தார்கள். மலைக்குப் போனால் பிழைக்கலாம் என்று முதலில் சிறுமலையைப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. 1845-ல் பழனி மலையின் மேல் ரெண்டு பங்களா எழும்பியது. பெயர் சன்னிசைடு, ஷெல்டன். கொடைக்கானல் ஊரின் தொடக்கம் அந்த ரெண்டு வீடுகள்தான். மோட்டார் ரோடு வராத காலம். பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து செண்பகனூர் வழியாக ஆட்கள் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வந்தது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலின் ஆரம்பம் அது.

ஆக, பிள்ளை தேறவில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போ. தூக்க ஆள் இருக்கிறவர்களுக்கு அது சரியான தீர்வுதான். அந்த நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினவர்களின் பிள்ளைகள் எப்படித் தேறினார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. இந்த மலையில் முதலில் இருந்தே வாழ்ந்த பளியர்களின், புலையர்களின் பிள்ளைகள் பற்றியும் அந்தக் காலக் குறிப்புகளில் தேடினால் கிடைப்பது சொற்பம்.

பிள்ளையை மலைக்குக் கொண்டுபோகாமல் தராசைப் பிள்ளையிடம் கொண்டுபோகலாம் என்ற யோசனைக்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அது வந்த இடம் நைஜீரியா. 1950-களின் கடைசியில் அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் இமேசி என்ற கிராமத்தில் டேவிட் மோர்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் வேலை பார்த்தார். எலும்பும் தோலுமாகக் கொண்டுவரப்படும் குழந்தையைக் காப்பாற்றுவது கடினம், ஆனால் அந்த நிலைக்கு ரொம்ப முன்னாடியே அதன் எடை ஏறாமல் நின்றிருக்கும் என்பது அவருக்குப் பிடிபட்டது. மாதாமாதம் எடை, ஒரு கார்டில் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு பாதை. 'ஆரோக்கியத்துக்குப் போகும் பாதை' என்ற அர்த்தத்தில் அந்த அட்டைக்குப் பேர் வைத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கார்டை அவர் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பாலித்தீன் உறையில் போட்டு அம்மாவிடமே கொடுத்துவிட்டார். டேட்டா யாருடையதோ அவரிடமே இருக்கட்டும் என்று. இன்று நாம் பிரைவசி பாலிசியில் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் முடித்துவிட்டார்.

இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம். பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நமக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1920-ல் ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி, 1950-களில் காமராஜரின் மதிய உணவு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, நானும் ஏற்கெனவே ஒரு எபிசோடு பேசியிருக்கிறேன். இதில் ஒரு ஓட்டை இருந்தது. எல்லாமே பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருகிற பிள்ளைக்கு. ஆனால் உடம்பு தேய்வது பள்ளி வயதுக்கு முன்னாடி, ஆறு மாதத்தில் இருந்து ரெண்டு, மூணு வயதுக்குள். தாய்ப்பால் மட்டும் போதாமல் போய், வீட்டுச் சாப்பாடும் முழுசாக ஆரம்பிக்காத காலம். அந்தப் பிள்ளை வரிசையில் தட்டோடு நிற்காது. அம்மா இடுப்பில் இருக்கும். அம்மா வேலைக்காட்டுக்குப் போனால் அக்காக்காரி இடுப்பில் இருக்கும்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவிப் பணத்தில் சிட்னி கேன்டர் அசோசியேட்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் தமிழ்நாடு முழுக்க ஒரு பெரிய ஊட்டச்சத்து ஆய்வு நடத்தியது. 1973-ல் அறிக்கை. உணவை ஒரு முழு சிஸ்டமாகப் பார்க்க முயன்ற ஆய்வு அது: வயலில் விளைவது, சந்தையில் விற்பது, வீட்டுக்குள் யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது வரை. தாய்ப்பால் மறக்கிற வயதுக் குழந்தைகள்தான் ரொம்பவே அடிபடுகிறார்கள் என்று அது சொன்னது. ஏற்கெனவே நடந்த உணவுத் திட்டங்கள் அவர்களை எட்டவில்லை என்பதும் தெரிந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. மையத்தில் குழந்தை சாப்பிட்டுவிட்டால் வீட்டில் அதன் பங்கு குறைந்துவிடும். கூட்டல் போட்டதாக நினைத்தால் அது பதிலிதான்.

இந்தப் பின்னணியில்தான் 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. உலக வங்கியின் கடன் 3.2 கோடி டாலர். ஊட்டச்சத்துக்கென்றே அந்த வங்கி கொடுத்த ஆரம்பகாலக் கடன்களில் ஒன்று. முதல் சோதனை ஓட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியம். மதுரையில் இருந்து திருச்சி போகிற வழியில், மேலூரைத் தாண்டினால் வரும். பஸ்ஸில் நாம் தூங்கிக்கொண்டே கடந்துபோகிற ஊர். அன்றைக்குக் கொடைக்கானலும் அதே மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-ல். ஒரு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன மலை. கிழக்குப் பக்கத்தில் தராசு வந்து இறங்கிய சமவெளி.

திட்டம் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிசைன் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஊருக்கு ஒரு பெண் பணியாளர், ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒருவர். பட்டம் படித்தவர் வேண்டாம், அதே ஊர்க்காரராக இருக்கவேண்டும். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிற அம்மாவாக இருந்தால் முன்னுரிமை. இதை வாசித்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். 'இவ்வளவு சம்பளம் வந்தால்தான் பிள்ளை தேறும்' என்று சொல்ல முடியாதபடி, அதே தெருவில், அதே வருமானத்தில் செய்து காட்டினவரையே டீச்சர் ஆக்கினார்கள். பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் அடிக்கடி வந்து கூடவே உட்கார்ந்து எடை போட்டுப் பார்ப்பார்.

ஆறு மாதத்தில் இருந்து 36 மாதம் வரை உள்ள எல்லாக் குழந்தைக்கும் மாதம் ஒருமுறை எடை. எல்லோருக்கும் எடை, ஆனால் எல்லோருக்கும் உணவு கிடையாது. கடுமையாக எடை குறைந்த குழந்தை, அல்லது அடுத்தடுத்த எடைகளில் ஏறவேண்டிய அளவு ஏறாத குழந்தை, இந்த ரெண்டு வகைக்கு மட்டும் கூடுதல் உணவு. அதுவும் 90 நாள். அதற்குள் குறைந்தது 500 கிராம் ஏறிவிட்டால் பட்டியலில் இருந்து வெளியே. ஏறவில்லை என்றால் பிரச்சனை சோற்றில் மட்டும் இல்லை என்று அர்த்தம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவேண்டும். உள்ளே வரும் நிபந்தனை, வெளியேறும் நிபந்தனை, தோற்றால் யாரிடம் போகவேண்டும் என்பது. நாங்கள் எழுதுகிற எத்தனையோ கோடில் இந்த மூன்றும் தெளிவாக இருப்பதில்லை.

உணவு என்ன? ஒரு லட்டு. தானியமாவு, பருப்பு, வெல்லம், அதில் சேர்த்த வைட்டமின்கள். ஊர்ப் பெண்கள் குழுக்கள் பல இடங்களில் தாங்களே இதைச் செய்து கொடுத்தார்கள். ஏன் லட்டு, ஏன் சாதம் இல்லை? சாதம் கொடுத்தால் 'மதியம் அங்கேயே சாப்பிட்டுட்டான்' என்று வீட்டுத் தட்டு காலியாகும். லட்டு தின்பண்டம். தின்பண்டம் தின்றதால் யாரும் பிள்ளைக்குச் சோறு போடாமல் விடமாட்டார்கள். ரெண்டு வயசுப் பிள்ளையின் வயிறு அதன் கைப்பிடி அளவுதான் என்று சொல்வார்கள். அதில் தண்ணியாகக் கரைத்த கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. கைக்குள் அடங்குகிற லட்டில் அந்தக் கஞ்சியைவிடப் பலமடங்கு சத்து இருக்கும்.

இந்த இடத்தில் புரோட்டீன் டப்பாவைப் பற்றி ஒன்று. 1950, 60-களில் உலகம் முழுக்க நிபுணர்கள் 'புரதப் பற்றாக்குறை' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் மாவு, சோயா மாவு என்று என்னென்னவோ தயாரித்தார்கள். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய டாக்டர் சி. கோபாலன் வேறு மாதிரிச் சொன்னார். நம் வீட்டுப் பிள்ளை சாப்பிடுகிற அதே அரிசியும் பருப்பும் போதுமான அளவு உள்ளே போனால் புரதம் தானாகவே பெரும்பாலும் கிடைத்துவிடும், குறைவது மொத்த உணவு என்றார். மொத்த உணவு குறைந்தால் உள்ளே போகிற புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும். 1974-ல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இந்தப் புரத மோகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. ஐம்பது வருடம் ஆச்சு. டப்பா விளம்பரங்களுக்கு இன்னும் அந்தத் தகவல் போய்ச்சேரவில்லை.

சரி, கொட்டாம்பட்டி. திட்டம் பிறகு ஆறு மாவட்டங்களின் கிராமங்களுக்கு விரிந்தது. 173 ஒன்றியங்கள், சுமார் 9,000 மையங்கள். கடுமையான எடைக்குறைவு மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. உலகம் முழுக்கப் பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் பேசுகிற கேஸ் ஆனது. ஆனால் ரொம்பப் புகழ்ந்துவிட வேண்டாம். கடுமையான குறைவு குறைந்த அளவுக்கு நடுத்தரக் குறைவு அசையவில்லை. பள்ளத்தில் கிடந்தவர்கள் மேட்டோரத்துக்கு வந்தார்கள், மேட்டுக்கு வரவில்லை. இன்னொரு விமர்சனமும் நியாயமானது. இந்த டிசைனில் பிள்ளை சறுக்கின பிறகுதான் லட்டு கிடைக்கும். சறுக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால் 'அம்மாக்களிடம் பேசினோம்' என்பதுதான் பதில். அந்தப் பாகம்தான் பலவீனமாக இருந்தது.

அந்தப் பணியாளரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். ஒரே தெரு. ரெண்டு பிள்ளைகள் மையத்துக்கு வருகிறார்கள். ஒருவன் கையில் லட்டு. இன்னொருவன் எடை சரியாக ஏறுகிறது, அதனால் அவனுக்குக் கிடையாது. அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் அம்மாவும் நிற்கிறார், அவரும் உறவுமுறைதான். '90 நாள் முடிஞ்சுது, இனி உன் பிள்ளைக்கு இல்ல' என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லவேண்டும். ஃபார்முலா சரிதான். சொல்கிற வாய் ஒரு மனுஷியுடையது.

திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கணக்கு வேறு: ரெண்டு வயதுக்கு மேல் வந்த எல்லோருக்கும் சூடான சோறு, தராசு கேள்வி கேட்காது. பொருளாதார நிபுணர்கள் பலர் அப்போது இதை வீண் செலவு என்றார்கள். ஆக ஒரே மாநிலத்தில், ஒரே நேரத்தில், நேரெதிரான ரெண்டு சித்தாந்தங்கள். அளந்து கொடு என்று ஒன்று. அளக்காமல் போடு என்று இன்னொன்று. எது ஜெயித்தது என்று கேட்டால், ஒன்றில்லாமல் மற்றது தனியாக ஜெயித்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லோருக்கும் போடுவதால் யாருக்கும் கூச்சம் இல்லை. அளப்பதால் மூலையில் இருக்கும் பிள்ளை கண்ணில் படுகிறது. 1990-களின் கடைசியில் லட்டுத் திட்டத்தின் ரெண்டாம் கட்டம் முடிந்து அதன் மையங்கள் அங்கன்வாடிகளோடு கலந்தன. மாதாமாதம் எடை, கார்டு, புள்ளி எல்லாம் அப்படியே தொடர்ந்தது. பண்ணைக்காட்டு டீச்சர் சத்துமாவுப் பாக்கெட்டை எடுத்து நீட்டினபோது எனக்குக் கொட்டாம்பட்டி லட்டின் பேரன் மாதிரி தெரிந்தது.

இனி வீட்டுக்கு. டீச்சர் சொன்ன மறுநாளே அக்கா பையனைக் கீழே வத்தலக்குண்டில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினாள். மூன்று மாதம் எடை நின்றால் முதலில் நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார் அவர். ரத்தம், சிறுநீர் எடுத்தார்கள். பெரிய கோளாறு இல்லை. ரத்தச்சோகை இருந்தது. இரும்புச்சத்து சொட்டுமருந்து, குடற்புழு மாத்திரை. பிறகு ஒரு கேள்வி: "நாள் முழுக்க என்னென்ன வாய்க்குள்ள போகுதுன்னு எழுதிட்டு வாங்க."

எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சமையலறை ஜன்னலில் லேப்டாப், ஒரு ஸ்ப்ரெட்ஷீட். நாலு நாள் பதிவு செய்தேன். பார்த்தால் அவன் சாப்பிடாத பிள்ளையே இல்லை. ஒரு நாளைக்குப் பத்து, பதினோரு தடவை ஏதோ உள்ளே போகிறது. காலையில் ஒரு பெரிய டம்ளர் பால். எட்டு மணிக்குத் தாத்தாவோடு டீயில் முக்கின பன். பத்து மணிக்கு பிஸ்கட். அங்கன்வாடி விட்டு வந்ததும் மறுபடியும் பால். சாயங்காலம் மறுபடியும் டீ. அதற்கு நடுவில்தான் நாங்கள் சோற்றைத் திணிக்கப் போராடினோம். பசியே வராத பிள்ளையைப் பசிக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தோம். டீ உணவில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதும் அப்போதுதான் அக்காவுக்குத் தெரியும். மலையில் பச்சைக்குழந்தைக்குக்கூட டீ கொடுப்பது சகஜம். குளிர்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஆண்குழந்தை முதல் வருடத்தில் சராசரியாக ஆறு கிலோவுக்கு மேல் ஏறும். ரெண்டாவது வருடத்தில் ரெண்டரை கிலோ. மூன்றாவது வருடத்தில் ரெண்டு கிலோதான். அதனால் ஒரு வயதுக்கு மேல் பசி குறைவது இயற்கை. 'முன்ன நல்லா சாப்பிட்டான், இப்பப் பாரு' என்று பயந்து திணிக்க ஆரம்பிப்பதில்தான் சண்டை தொடங்குகிறது. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களில் சொன்ன சூத்திரம் இது. கேட்க ஈசி. அத்தையிடம் சொல்லிப்பாருங்க.

"பிள்ளை வேணாம்னா கிண்ணத்தை எடுத்து வச்சிடணுமா? பட்டினி போடச் சொல்றியா தம்பி?" என்றார். அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பட்டினியை நேரில் பார்த்து வளர்ந்தவர். அவருக்குக் கண்ணேறு பயமும் உண்டு. மாதாமாதம் பிள்ளையை நிறுத்துப் பார்ப்பதே அவருக்குப் பிடிக்காது. அவரிடம் ரிசர்ச் பேப்பர் காட்டி என்ன செய்வது? லட்டுக் கதையைச் சொன்னேன். "வெல்லமும் பொட்டுக்கடலையும்தானே? அதை நான் பண்ண மாட்டேனா?" என்று எழுந்தார். அந்த நிமிடத்தில் இருந்து திட்டம் அவருடையதாகிவிட்டது.

வறுத்த கேழ்வரகு மாவு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம், நெய். வேர்க்கடலையை நைசாகப் பொடித்துத்தான் சேர்க்கவேண்டும், இந்த வயதில் முழுசாகக் கொடுத்தால் புரையேறும். ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டை, காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டீ நின்றது. பால் ரெண்டு சின்ன டம்ளரோடு சரி, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. பிஸ்கட் பாக்கெட் வீட்டுக்குள் வரக்கூடாது. தாத்தாவுக்குத்தான் இது பெரிய தண்டனை. குழைந்த பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், முட்டை, மலை வாழைப்பழம். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரத்தில் பட்டர் ஃப்ரூட் கொட்டுகிறது. சென்னையில் ஒன்றை நூறு ரூபாய்க்கு வாங்கி டோஸ்ட்டில் தடவிச் சாப்பிடுவோமே, அதே அவகாடோதான். இங்கே அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாச்சின் பழனியில் இருந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்து 'இதைவிட சத்து எது?' என்றார். தப்பில்லை, ஆனால் சர்க்கரை அதிகம், தினமும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் கொடுமையாக இருந்தது. ஃபோன் இல்லாமல் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்தான், ரெண்டு வாய் சாப்பிட்டான், எழுந்து ஓடினான். யாரும் பின்னால் போகவில்லை. அக்கா அன்று ராத்திரி அழுதாள். "இப்படியே எடை இன்னும் இறங்கிட்டா என்னடா பண்ணுவேன்?" என்னிடம் பதில் இல்லை. கிளாரா டேவிஸ் என்ற டாக்டர் 1920, 30-களில் அமெரிக்காவில் பால்குடி மறந்த 15 குழந்தைகளைத் தாங்களாகவே உணவைத் தேர்ந்தெடுக்கவிட்டு வருடக்கணக்கில் பார்த்ததையும், அத்தனை பேரும் நன்றாக வளர்ந்ததையும் சொன்னேன். அவர் மேசையில் வைத்தது எல்லாமே பதப்படுத்தாத நல்ல உணவுதான், பிஸ்கட் இல்லை என்பதையும் சொன்னேன். அக்கா கேட்கிற மனநிலையில் இல்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

பட்டர் ஃப்ரூட்டை ஒன்பது தடவை துப்பினான். புது ருசிக்குப் பிள்ளைகள் பழக எட்டு, பத்து, சிலசமயம் பதினைந்து தடவைகூட ஆகும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாவது தடவை, கொஞ்சம் வெல்லப்பாகோடு, விழுங்கினான். பீட்ரூட் இன்று வரை இறங்கவில்லை.

அடுத்த மாதம் எடை 10.3. அக்காவுக்கு ஏமாற்றம். டீச்சர் மட்டும் "கோடு அசைஞ்சுடுச்சு பாருங்க" என்று சந்தோஷப்பட்டார். நான் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னாடி அதற்கடுத்த எடை. அத்தையும் வந்திருந்தார், கையில் மிளகாயும் உப்பும் முடிந்த ஒரு சின்னத் துணியோடு. எடை போட்டு முடிந்ததும் சுற்றிப்போடுவதற்காம். முள் 10.7-ல் நின்றது. ரெண்டு மாதத்தில் 500 கிராம்.

32-வது மாதத்துக்கான எச்சரிக்கைக் கோடு 10.8. கோடும் சும்மா நிற்பதில்லை, கூடவே ஏறுகிறது. அவன் இன்னும் அதற்கு ஒரு மயிரிழை கீழேதான் இருக்கிறான். டீச்சர் புள்ளியை வைத்து, பழைய புள்ளியோடு ஸ்கேலால் இணைத்து, கார்டைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு அக்காவிடம் கொடுத்தார். இவன் துணிப்பையில் இருந்து இறங்கமாட்டேன் என்று அடம். அடுத்த பிள்ளையோட அம்மா வரிசையில் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அத்தை இடுப்பு முடிச்சில் இருந்து ஒரு லட்டை எடுத்துக் காட்டித்தான் இறக்கவேண்டியதாயிற்று. வரிசையில் நின்ற பிள்ளையும் கை நீட்டியது. அத்தை இன்னொன்றை எடுத்தார்.

அடுத்த எடை வரும் வியாழன். அக்கா கார்டை போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.